ஒரே சோறும் ஒரே வரிசையும்

“ஒரு வத்தல் மிளகாய். அவ்வளவுதான். அத வறுத்துத் தின்ன ஒரு பெண்ணுக்கு உரிமை இல்லேன்னா, அது நாடா ஜெயிலா?”

சுகுமாரன் சார் இப்படிக் கேட்டுவிட்டு, கையிலிருந்த பென்சிலால் தையல் மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். உறைக்குள்ளிருந்து ‘டிங்’ என்று சத்தம் வந்தது. எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

கருங்கலில் ஒரு ஜவுளிக்கடையின் மாடி. வார நாட்களில் அங்கே தையல் வகுப்பு நடக்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்த அறை எங்கள் வாசகர் வட்டத்துக்கு. உறை போட்ட மெஷின்கள்தான் எங்களுக்கு மேஜை. அன்றைக்கு வெளியே சாரல். ஜன்னலைத் திறந்தால் நனைவோம், மூடினால் வியர்க்கும். பாதி திறந்து வைத்திருந்தோம். எதிர்க்கடையில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டின் வாடை உள்ளே வந்துகொண்டிருந்தது.

பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். அதில் இந்த அத்தியாயத்துக்கு நான்கு பேர் போதும்.

சுகுமாரன் சார் அரசு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் அவர்தான். நாங்கள் கதையைப் படிப்போம், அவர் கதையைப் பிரித்துப் பார்ப்பார். பிரின்சி களியக்காவிளையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண். வட்டத்தை நடத்துவது அவள். கதையைத் தேர்ந்தெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், வாசிக்காமல் வந்தவர்களைக் கண்டுபிடித்து மானத்தை வாங்குவதும் அவள் பொறுப்பு. ஷாகுல் அண்ணன் குளச்சலில் மீன் ஏலம் எடுக்கிறவர். கதை பிடிக்கவில்லை என்றால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார்.

நான்காவது ஆள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தார். வாசலை ஒட்டிய நாற்காலியில், கதைத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எனக்க சிநேகிதி, ஞானம்மக்கா” என்று மட்டும் சொல்லி அறிமுகப்படுத்தியிருந்தேன்.

மிளகாய் வறுத்தவள்

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் ஒரு சிறுபத்திரிகையில் எழுதும் இளைஞர்.

ஒரு நாடு. அங்கே சமையலறைகளை அரசாங்கம் தடை செய்துவிட்டது. ஒருவன் வீட்டில் கறி மணக்க, அடுத்தவன் வீட்டில் வெறும் கஞ்சி இருப்பது அநியாயம் என்று சட்டம். அதனால் மூன்று வேளையும் வண்டி வரும். எல்லா வாசலிலும் ஒரே டப்பா. ஒரே சோறு, ஒரே உப்பு, ஒரே புளிப்பு. யாருக்கும் ஒரு பருக்கை கூடாது, குறையாது. வாசனை பிடிப்பதற்கென்றே அதிகாரிகள் தெருத் தெருவாக நடப்பார்கள்.

ஒரு பெண்ணுக்குப் பழைய தகர டப்பாவில் ஒரு காய்ந்த மிளகாய் கிடைக்கிறது. இரண்டு நாள் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மூன்றாம் நாள் மெழுகுவர்த்தியில் காட்டி வறுக்கிறாள். தெருவே இருமுகிறது. இருமிய ஒருவன் காட்டிக் கொடுக்கிறான். அதிகாரிகள் வந்து அவள் நாக்கில் ஒரு மருந்தைத் தடவுகிறார்கள். அதன் பிறகு அவளுக்கு எதைத் தின்றாலும் ஒரே ருசி.

அவ்வளவுதான் கதை. படித்து முடித்த அன்று எனக்கு இரண்டு வாய் சோறு இறங்கவில்லை. நல்ல கதை. இப்போதும் அதையேதான் சொல்வேன்.

ஷாகுல் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “எனக்கு அந்த ஊர்ல போய் இருக்கணும்னு தோணிச்சு. மூணு நேரமும் சோறு வாசல் தேடி வருது. எனக்க வீட்டுக்காரி எவ்வளவு சந்தோஷப்படுவா!”

“அண்ணே, மீன் கிடையாது கேட்டியளா அந்த ஊர்ல,” என்றாள் பிரின்சி.

“அப்படின்னா வேண்டாம்.”

சிரிப்பு அடங்கியதும் சுகுமாரன் சார் மறுபடி தொடங்கினார். “சமத்துவம் சமத்துவம்னு போனா கடைசியில இங்கதான் வந்து நிக்கும். கீழ கிடக்கிறவன மேல தூக்க மாட்டாவ. மேல இருக்கிறவனப் பிடிச்சுக் கீழ இழுப்பாவ. ருசி தெரிஞ்ச நாக்கு இருக்கப்பிடாது. அதாக்கும் இவியளுக்க சட்டம்.”

அவர் திறமையைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் மேலே, கீழே என்ற இரண்டு வார்த்தைகளும் வாசல் பக்கத்து நாற்காலியில் எப்படிப் போய் விழுந்திருக்கும் என்றும் எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்துணவு டீச்சர்

இந்தத் தொடரை நடுவில் வாசிக்க ஆரம்பித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பாடம் நடத்தியது கிடையாது. ஆனாலும் ஊருக்கு நான் ‘சத்துணவு டீச்சர்’. நூற்றிருபது பிள்ளைகளுக்கு சாம்பார் வைப்பது எப்படி என்று கேட்டு இன்றைக்கும் கடிதம் வருகிறது. நூற்றிருபது பிள்ளைகள் கிடைத்தால் சொல்லித் தருகிறேன்.

முதல் இரண்டு வருடம் ஒரு வயதான அம்மா சமைத்தார். அவர் ஓய்வு பெற்றதும் ஞானம்மக்கா வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வயலைத் தாண்டி இருக்கிற காலனியிலிருந்து வந்தார். வந்த முதல் நாள் அண்டாவைப் புரட்டிப் போட்டு, அடியிலிருந்த இரண்டு வருடக் கரியைச் சுரண்டி எடுத்தார். “இதுல வச்ச சோறயா பிள்ளையளுக்குக் குடுத்திய?” என்று என்னைக் கேட்டார். அவர் வைத்த சாம்பாரில்தான் பருப்பு என்று ஒன்று இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் நாலு பிள்ளைகள் டிபன் பாத்திரத்தோடு வந்தார்கள். இரண்டு வருடமாகச் சத்துணவு சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள்.

ஒரு தகப்பனார் மட்டும் முறையாகக் கடிதம் கொடுத்துவிட்டிருந்தார். அழகான கையெழுத்து. ‘என் மகள் லேகாவுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாததால் இனிமேல் வீட்டிலிருந்தே மதிய உணவு கொண்டு வருவாள்.’ ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையும் தின்ன வேண்டிய சாம்பார் அது. அதில் காரம் எங்கே இருந்தது?

கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவர் சுகுமாரன் சார்.

அப்போது தலைமையாசிரியராக இருந்தவர் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். “எதுக்குப் பிரச்சினை? ஞானம்மை பாத்திரம் கழுவட்டும். உதவியாளர் சமைக்கட்டும்,” என்றார். நான் ஸ்டோர் ரூம் சாவியை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். “ஞானம்மக்கா ஆக்கல்லன்னா நான் அரிசி எடுத்துக் குடுக்க மாட்டேன். நீங்களே தெறந்துக்கிடுங்க,” என்றேன். அவர் சாவியைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டார்.

இந்தச் சாவிக் கதையை நான் எத்தனையோ இடங்களில் சொல்லியிருக்கிறேன். கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

ஒரு மாதத்துக்குள் மூன்று பிள்ளைகள் திரும்பி வந்து தட்டு எடுத்துக்கொண்டார்கள். லேகா மட்டும் ஐந்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் டிபன் பாத்திரத்தோடு வந்தாள். வராந்தாவின் மறுகோடியில் தூணை ஒட்டி உட்காருவாள்.

பிறகு பல வருடம் கழித்து வாசகர் வட்டத்தில் சாரை நான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இருவருமே அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசியதில்லை. எத்தனையோ புத்தகங்களைப் பற்றிப் பேசினோம். அவர் எனக்குக் கொடுத்த புத்தகங்கள் ஒரு அலமாரி இருக்கும். நல்ல மனிதர் என்று நான் அவரைப் பற்றிச் சொன்னால் அது பொய் கிடையாது.

ஒரு கரண்டி, இரண்டு கரண்டி

சமத்துவத்தைக் கட்டாயப்படுத்துவது என்றால் என்ன என்று அந்தக் கதையை எழுதிய இளைஞரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வாசனை பிடிக்கும் அதிகாரி ஒரு காலத்தில் நானாகத்தான் இருந்தேன்.

சுனிதா என்று ஒரு பிள்ளை. மூன்றாம் வகுப்பு. அம்மா முந்திரி ஆலைக்கு விடியும் முன்னே போய்விடுவார். காலையில் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. ஞானம்மக்கா அவளுக்கு மட்டும் இரண்டு கரண்டி வைப்பார். ஒரு நாள் வரிசையில் ஒரு குரல் எழுந்தது. “டீச்சர், அவளுக்கு ரெண்டு!”

நான் சட்டப்படி நடந்தேன். எல்லோருக்கும் ஒரு கரண்டி, தலை தட்டி வைக்க வேண்டும் என்றேன். அக்கா அப்படியே வைத்தார். சுனிதா தட்டை வழித்து நக்கிவிட்டு எழுந்து போனாள்.

பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு அக்கா என் முன்னால் வந்து நின்றார். “டீச்சரே, கரண்டி ஒண்ணு போல இருக்கு. சரி. வயிறு ஒண்ணு போலயா இருக்கு?”

மறுநாளிலிருந்து முறையை மாற்றினோம். முதல் கரண்டி எல்லோருக்கும் ஒரே அளவு. அதற்கு மேல் யார் தட்டை நீட்டினாலும் கேட்ட அளவு. ‘அவளுக்கு ரெண்டு’ என்ற குரல் அதோடு நின்றது. தட்டை நீட்டினால் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அடுத்தவள் தட்டைப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்தக் கதை வாட்ஸ்அப்பில் வந்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது அக்காதான். பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தத் தொடருக்கும் முதல் வாசகி அவர்தான், எழுத்துப் பிழை சொல்வதும் அவர்தான். “கூட்டத்துக்கு வாங்க அக்கா,” என்று கூப்பிட்டேன்.

அங்கே சுகுமாரன் சார் இருப்பார் என்று சொன்னேனா? சொல்லவில்லை. மறந்துவிட்டேனா? மறக்கவும் இல்லை.

“யாருக்க இஷ்டம்?”

கூட்டம் முடியப் போகிற நேரம். பிரின்சி, “வேற யாராவது?” என்று கேட்டாள்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார் ஞானம்மக்கா.

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

“கதைய ரெண்டு தடவ வாசிச்சேன். அந்தப் பெண்ணு பாவம். நாக்குல மருந்து தேச்சது அக்கிரமம். அதுல எனக்கு வேற பேச்சு இல்ல. ஆனா இதுல ஒரு காரியம் விட்டுப் போயிருக்கு.”

“என்னது அக்கா?”

“சோறு வண்டியில வருது. வாசல்ல வச்சிட்டுப் போறான். இவிய எடுத்து, கதவச் சாத்திட்டு, உள்ள இருந்து தின்னுதாவ. கத முழுக்கத் தேடிப் பாத்தாச்சு. ஒரு எடத்துலயும் ரெண்டு வீட்டு ஆளு சேந்து இருந்து தின்னல்ல. பின்ன அது என்ன சமத்துவம்? ஒரே சோறு குடுத்தா சமம் ஆயிருமா? ஒரே வரிசையில இருக்கண்டாமா?”

சுகுமாரன் சார் தாள்களைப் புரட்டினார். பென்சிலை வரிவரியாக ஓட்டிக்கொண்டு போனார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி நிமிர்ந்தார்.

“சரியாக்கும். இத நான் கவனிக்கல்ல.” அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. நல்ல வாசகருக்கு இன்னொரு நல்ல வாசகரைக் கண்டால் வருகிற சந்தோஷம். பிறகு, விவாதத்தை விட மனமில்லாமல், “ஆனா வரிசையில இருந்தே ஆகணும்னு கட்டாயப்படுத்தினா அதுவும் அதே ஜெயில்தானே? யாரு கூட இருந்து சாப்பிடணும்ங்கது அவனவனுக்க இஷ்டம் இல்லியா?”

ஞானம்மக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“யாருக்க இஷ்டம் சாரே? தகப்பனுக்க இஷ்டமா, பிள்ளைக்க இஷ்டமா?”

“எந்தப் பிள்ளை?”

“லேகா.”

சார் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அந்தக் கூட்டத்துக்கு முன் அவர் ஞானம்மக்காவைப் பார்த்ததே இல்லை. யாருடைய சோறு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாரோ, அந்த முகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

“பள்ளிக்கூடத்துல சோறு ஆக்கினது நானாக்கும்,” என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. “லேகா டிபன் கொண்டு வருவா. தூண் பக்கத்துல இருப்பா. எல்லாருக்கும் வெளம்பி முடிச்ச பெறவு, டீச்சர் ஆபீஸ் ரூமுக்குச் சாப்பிடப் போவாவ. அப்பம் எந்திரிச்சு வருவா. டிபன சுனிதாட்ட குடுப்பா. ஒரு தட்ட எடுத்துட்டு வரிசையில கடைசி ஆளா இருப்பா. நான் வெளம்புவேன். அஞ்சாங்கிளாஸ் முடியது வர அவ எனக்க சோறுதான் தின்னா.”

இது எனக்கும் தெரியாது. மூன்று வருடம் பத்தடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான்.

“அப்பாட்ட சொல்லாதியோ அக்காண்ணு கேட்டா. நான் சொல்லல்ல. அந்த வரிசையில நூறு பிள்ளைக்கு மேல இருந்துது. ஒண்ணு கூட வீட்டுல போய்ச் சொல்லல்ல. இந்தக் கதையில தெருக்காரன் காட்டிக் குடுத்தான். எனக்க வரிசையில யாரும் காட்டிக் குடுக்கல்ல.”

“இப்ப எதுக்குச் சொல்லுதிய?” என்றார் சார்.

“போன லீவுக்கு ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தப்பம் ரெண்டு பிள்ளையளயும் கூட்டிட்டு எனக்க வீட்டுக்கு வந்தா. ‘இனி யார்ட்ட வேணும்னாலும் சொல்லுங்க அக்கா’ன்னா. நீங்க இஷ்டத்தப் பத்திக் கேட்டிய. அதனால சொன்னேன்.”

சார் தாள்களை நான்காக மடித்தார். பென்சிலைச் சட்டைப் பையில் போட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், சாயா வருவதற்கு முன்பே படி இறங்கிப் போய்விட்டார்.

பிரின்சி என்னை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனாள். “டீச்சர், தெரிஞ்சிட்டுத்தான் கூட்டிட்டு வந்தியளா?”

“பாதி தெரிஞ்சு,” என்றேன்.

“சார் இல்லாம இந்த வட்டம் நடக்குமா? ஓர்மை இருக்கா, இத ஆரம்பிச்சதே அவரு.”

“நடக்கல்லன்னா நடக்காண்டாம். ஒரு தடவையாவது இது நெசமாவே ஒரு கதையப் பத்தின பேச்சா இருந்துதே.” தைரியமாகத்தான் சொன்னேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தத் தைரியம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

ஒரு போன்

அடுத்த மாதம் சார் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஞானம்மக்கா இரண்டுக்கும் வந்தார். ஷாகுல் அண்ணன் கதையே வாசிக்காமல் வந்தபோது பிரின்சிக்கு முன்பே அக்கா கண்டுபிடித்துவிட்டார். வட்டம் நடந்தது. ஆனால் தையல் மெஷினைப் பென்சிலால் தட்ட ஆள் இல்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் காலையில் லேகா கூப்பிட்டாள். என் நம்பரை எங்கே பிடித்தாளோ தெரியவில்லை. குரலில் இன்னும் நம் ஊர் ராகம் அப்படியே இருந்தது.

“டீச்சர், ஞானம்மக்கா சொல்லிட்டாவளாமே?”

“ஆமா மக்கா. அப்பா திட்டினாவளா?”

“இல்ல டீச்சர். ‘உனக்குப் பசிச்சுதா?’ன்னு கேட்டாவ. அம்ம டிபன்ல போதும்போதும்னு வச்சிருப்பாளே, பசி இல்லப்பா, தனியா இருந்து திங்கப் பிடிக்கல்லன்னு சொன்னேன். பெறவு அப்பா ஒண்ணும் பேசல்ல. போனையும் வைக்கல்ல. நானும் வைக்கல்ல. பத்து நிமிஷம் அப்படியே இருந்தோம்.”

“அம்மைக்குத் தெரியுமா?”

அவள் சிரித்தாள். “அம்மைக்கு அப்பமே தெரியும் டீச்சர். கத்தரிக்காய் எனக்கு ஆகாது. ஒரு நாள் தெரியாம வச்சுட்டா. பாத்திரம் காலியா வந்துது. அன்னைக்கே அம்ம கண்டுபிடிச்சா. மறுநாள்ல இருந்து டிபன்ல எனக்குப் பிடிச்சத வைக்கல்ல. ‘உனக்க டிபன் திங்கிற அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?’னு கேட்டு, அத வச்சா.”

போனை வைத்தேன். அந்த வீட்டில் ஒரே ஒருவருக்குத் தெரியாமல் எவ்வளவு சமையல் நடந்திருக்கிறது!

திரும்பி வந்த மாதம்

மூன்றாம் மாதம் நான் போய்ச் சேர்ந்தபோது சார் எனக்கு முன்பே வந்து, நாற்காலிகளைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் கொஞ்சம் மெலிந்திருந்தார். எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் பிரின்சி புதிய கதையைத் தொடங்கப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

எழுந்து நின்றார். ஞானம்மக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

“அன்னைக்கு நான் குடுத்த கடுதாசியில காரம்னு எழுதியிருந்தேன். காரம் இல்ல. ஆக்குகது யாருன்னு விசாரிச்சிட்டுத்தான் எழுதினேன். அத எல்லாரு முன்னாலயும் சொல்லணும்னு வந்தேன்.”

அவர் கை மெஷின் உறையின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

“அந்தக் கதையில நான் இப்பவும் மிளகாய் வறுத்தவ பக்கம்தான். அது மாறல்ல. ஆனா இத்தன நாளும் நான்தான் அந்தப் பெண்ணுன்னு நெனச்சு வாசிச்சிருக்கேன். நான் மருந்து தேச்ச ஆளு.”

அக்கா அவரை மன்னித்தாரா? எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: “இருங்க சாரே. நின்னுட்டே பேசாதிய.”

சார் உட்கார்ந்தார். அப்போது நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவர் சொன்ன பிறகு நான் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்பதுதான் பதில்.

“எனக்கும் ஒண்ணு சொல்லணும்,” என்றேன். “சாவிய மேஜையில வச்ச கதைய எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன். மிச்சத்தச் சொல்லல்ல. அன்னைக்கே தலைமையாசிரியர் ஒரு வழி சொன்னாவ. ஞானம்மக்கா ஆக்கட்டும், வெளம்பாண்டாம். நான் அதுக்கு ஒத்துக்கிட்டேன். ஒரு மாசம் கரண்டிய நான் பிடிச்சேன். மதிலுக்கு வெளியே நின்னு எட்டிப் பாக்கிற தாய் தகப்பன்மாருக்குத் தெரியாம இருக்க, அக்காவ அடுக்களைக்குள்ள நிக்கச் சொல்லிக் கதவச் சாத்தி வச்சேன். அந்த மூணு பிள்ளைகளும் திரும்பி வந்தது என் சாவியால இல்ல. அந்தக் கதவால.”

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். வாங்கினார் என்றுகூடச் சொல்ல முடியாது, எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அவர்தான் விளம்பினார். யாரும் டிபன் பாத்திரத்துக்குத் திரும்பவில்லை. அந்தக் கதவுக்கு முதலிலேயே அவசியம் இருந்திருக்கவில்லை.

நான் பேசி முடிக்கும்வரை அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“டீச்சரே, நீங்க இதச் சொல்ல முப்பது வருஷம் ஆச்சு. சாரு மூணு மாசத்துல சொல்லிட்டாவ.”

ஷாகுல் அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு பிரின்சி. அக்காவும் சிரித்தார், கொஞ்சமாக. நான் சிரிக்கவில்லை. சாரும் சிரிக்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனையோ வருடம் புத்தகம் கொடுத்து வாங்கியவர்கள், அன்றைக்குத்தான் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது போல இருந்தது.

இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் எல்லோரிடமும் கேட்டேன். சார், “எழுதுங்க, பேர மட்டும் மாத்துங்க. லேகாவுக்காக,” என்றார். மாற்றியிருக்கிறேன். லேகாவின் பெயரும் வேறு.

ஞானம்மக்காவிடம், “உங்க பேரையும் மாத்தட்டுமா?” என்று கேட்டேன். அச்செடுத்த தாளில் பிழை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஞானம்மை ஆக்கின சோறுன்னு சொல்லித்தான வேண்டாம்னு வச்சாவ? அந்தப் பேர எதுக்கு மாத்தணும்? அப்படியே போடுங்க.”